இடித்தவன் ஒருத்தன், எடுத்தவன் இன்னொருத்தன்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அண்ணா நகர் இரண்டாவது அவென்யூ, சாந்தி காலனி சிக்னல். சிவப்பு விழுந்து முன்வரிசையில் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கிறேன். லேசான தூறல். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் மறுநாள் வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டி. பின்னாலிருந்து டம்மென்று ஓர் இடி. வண்டி நாலடி முன்னால் போய், ஆட்கள் கடக்கிற வரிக்கோடு மேல் நின்றது. வளையலில் ஒரு டஜன் போல உடைந்தது. கழுத்து ஒரு குலுக்கு குலுங்கியதோடு சரி, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இடித்தது ஒரு வெள்ளை எஸ்யூவி. ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். கையில் போனோடுதான் இறங்கினான், அதில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைக்கூட நிறுத்தவில்லை, நாங்கள் பேசி முடிக்கும் வரை அதற்குள் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். "சாரி அங்கிள், பிரேக் பிடிக்கல." பிரேக் பிடிக்கவில்லையாம்! கண் ரோட்டில் இருந்திருந்தால் பிடித்திருக்கும். ஆனால் பையன் மரியாதையாகத்தான் பேசினான், "எவ்ளோ ஆகுதோ சொல்லுங்க அங்கிள், ஜிபே பண்ணிடறேன்" என்றான். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இந்த அவசரத்தில்தான் நான் செய்யக்கூடாததையெல்லாம் செய்தேன். அவன் கேட்டான் என்று என் ஆர்.சி.யையும் லைசென்ஸையும் எடுத்து நீட்டினேன், அவன் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டான். என் நம்பரைச் சொன்னேன். அவன் ஒரு நம்பர் சொன்னான், குறித்துக்கொண்டேன். அவன் லைசென்ஸை நான் கேட்கவில்லை. இடி வாங்கியவன் நான், காகிதத்தைக் காட்டியவனும் நான்! மறுநாள் அந்த நம்பருக்கு அடித்தால் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பெரியவர் எடுத்து, "யாருப்பா, காலையிலேயே" என்றார்.

அதனால் முதல் விஷயம் இதுதான்: எதிராளி நம்பர் சொன்னால் அவன் கண்முன்னாலேயே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அவன் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். வண்டியை ஓரங்கட்டும் முன்பு இரண்டு வண்டியும் ஒரே படத்தில் வருகிற மாதிரி இரண்டு மூன்று போட்டோ, அதில் இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும். பஸ்காரர் திட்டினால் திட்டட்டும், அது ஒரு நிமிட வேலை. அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது பெயர், வண்டி நம்பர், இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, அவ்வளவுதான். லைசென்ஸில் வீட்டு விலாசம், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. அதைப் போலீஸ் கேட்டால் காட்டலாம், ரோட்டில் இடித்தவன் படம் எடுக்க எதற்குக் கொடுக்க வேண்டும்? அவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலே பார்க்கலாம், இது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. ஒருவருக்காவது அடிபட்டிருந்தால் இந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் வேண்டாம், 108, பிறகு போலீஸ்.

பின்பம்பர், ஒரு டெயில் லேம்ப், டிக்கி கதவில் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 18,400 ரூபாய் எஸ்டிமேட். இன்சூரன்ஸில் போட்டால் என்ன என்று தோன்றும். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எட்டு வருட வண்டி, ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் தருகிற கூடுதல் பாலிசி, கிடையாது. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள், பாக்கியிலும் தேய்மானம் கழிப்பார்கள், அதற்கு மேல் கட்டாயமாக ஓர் ஆயிரம் நம் பங்கு. கைக்கு வருவது பத்தாயிரத்துக்குள். ஆனால் கிளைம் போட்ட உடனே கிளைமே போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைத்துவந்த என் 50 சதவீதத் தள்ளுபடி, நோ கிளைம் போனஸ், பூஜ்யமாகிவிடும், மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டப்போகும் பிரீமியத்தைக் கூட்டினால் வருவதைவிடப் போவது அதிகம். எனவே கைக்காசுதான். சின்ன அடிக்கு கிளைம் போடும் முன்பு இந்தக் கணக்கை நீங்களும் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

கைக்காசு போடுகிற எரிச்சலில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, வேறு ஒர்க்‌ஷாப்பில் குறைவாக முடியுமா என்று பார்க்க ஒரு தளத்தில் வண்டி நம்பர், போன் நம்பர் போட்டு எஸ்டிமேட் கேட்டேன். பத்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. ராத்திரிக்குள் பதினான்கு அழைப்பு. அதில் ஒர்க்‌ஷாப் நான்குதான், மீதி பழைய கார் வாங்குகிறவர், கார் லோன், "கிளைம் நாங்க வாங்கித் தரோம் சார்" என்று ஒருவர், கார் கவர் விற்கிற அம்மா ஒருவர். அத்தனை பேருக்கும் என் வண்டி என்ன மாடல் என்று தெரிந்திருந்தது. இரண்டாவது காரியம் இன்னும் மோசம். எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில், எண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், இடிபட்ட பின்பக்கத்தை நம்பர் பிளேட்டோடு படம் எடுத்துப் போட்டு, எங்கே எப்போது நடந்தது என்று பத்து வரி எழுதி, "இந்த வெள்ளை வண்டிக்காரனைத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று முடித்தேன். எண்பது பேர் கோபப்பட்டார்கள், மூன்று பேர் டேஷ்கேம் வாங்கச் சொன்னார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது. என் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்பது, நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி நானே பரிமாறி வைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

வண்டி விவரம் வெளியே போவது புதிதில்லை. வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாகத் தனியார் கம்பெனிகளுக்கு விலைக்குக் கொடுக்க மத்திய அரசே 2019-இல் ஒரு கொள்கை போட்டது, அந்தரங்கப் பிரச்சினை என்று 2020-இல் அதைக் கைவிட்டது. கைவிட்டார்கள், சரி, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்ன? போதாக்குறைக்கு நானும் பார்க்கிங்கில் யாராவது வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டுமே என்று என் செல் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியவன்.

இடித்து பத்தொன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. முகப்புப் படத்தில் அசோகச் சின்னம். என் வண்டி நம்பர் சரியாக இருக்கிறது, போக்குவரத்து விதி மீறல், சலான் எண் இன்னது, ஆதாரத்தைப் பார்க்கக் கீழே உள்ள கோப்பைத் திறக்கவும் என்று ஆங்கிலத்தில். கீழே ஒரு ஏபிகே கோப்பு, திறந்தால் போனில் ஒரு செயலியை ஏற்றிவிடுகிற கோப்பு. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன், சத்தியமாக. ஆபீஸில் மற்றவர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்புகிறவனே நான்தான். ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: அந்தப் பையன் முந்திக்கொண்டு என் மேலேயே புகார் கொடுத்துவிட்டான், நான் திடீரென்று ரிவர்ஸ் எடுத்தேன் என்று சொல்லியிருப்பான். கை தானாகப் போனது. தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது, சரி. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது, சரி. வண்டியின் உரிமையாளர்தானா என்று உறுதி செய்ய ஒரு ரூபாய் கட்டச் சொன்னது. டெபிட் கார்டு எண்ணும் பின் நம்பரும் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "சர்வர் டவுன் போல, காலைல பாத்துக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அடை சாப்பிடப் போனேன். போன் கொஞ்சம் சூடாக இருந்தது, சார்ஜில் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறு பத்துக்கு மச்சினன் வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தான். "மாமா, எனக்கு எதுக்கு ஆர்டிஓ சலான் அனுப்பியிருக்கீங்க? எங்கிட்டதான் காரே இல்லையே." பாய்ந்து போய் போனைப் பார்த்தால் குடும்பக் குழு, ஆபீஸ் குழு, மகள் படித்த பள்ளியின் பழைய பெற்றோர் குழு, எல்லாவற்றிலும் என் பெயரில் அதே கோப்பு போயிருந்தது. வங்கிச் செயலியைத் திறந்தேன். ராத்திரி 11.42-க்கு 49,999. காலை 5.58-க்கு 24,500. ஒரு குறுஞ்செய்திகூட எனக்கு வரவில்லை, வந்ததை எல்லாம் அந்தச் சனியன் விழுங்கிவிட்டது. கை நடுங்கியது என்று எழுதினால் கொஞ்சம் பரவாயில்லை மாதிரித் தெரியும். உண்மையில் நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஐந்து நிமிடம் எதுவுமே செய்யவில்லை. பணம் போன துக்கத்தைவிட, மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம் பெரிதாக இருந்தது.

அந்த நேரத்தில் காரியம் பார்த்தது என் மனைவிதான். என் போனைப் பிடுங்கி ஏரோபிளேன் மோடில் போட்டாள். நான் அந்தச் செயலியைத் தேடி அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் ஐகானே காணவில்லை. அழிப்பதெல்லாம் அப்புறம், முதலில் நெட்டைத் துண்டிப்பதுதான் வேலை. அடுத்த போன்கள் எல்லாம் அவள் போனிலிருந்து. இது ரொம்ப முக்கியம், மாட்டிய போனில் அழைப்புகளையே வேறு நம்பருக்குத் திருப்பி விட்டிருக்கலாம், வங்கி திரும்பக் கூப்பிட்டால் திருடனே எடுப்பான். பிறகு பார்க்க வேண்டுமென்றால் *#21# அடித்தால் எங்கே திருப்பியிருக்கிறது என்று காட்டும், ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். வங்கி உதவி எண்ணில் அதை அமுக்கு இதை அமுக்கு என்று சுற்றிவிட்டு 6.35-க்கு ஆள் கிடைத்து கார்டை முடக்கினார்கள். மனைவி கையில் கிடைத்த ஆவின் பால் அட்டையின் பின்பக்கத்தில் புகார் எண்ணையும் 6.35 என்ற நேரத்தையும் எழுதி வைத்தாள், ஈரக்கை பட்டு மூன்றாவது இலக்கம் கொஞ்சம் கலங்கியிருந்தது. அப்புறம் 1930. இது சைபர் நிதி மோசடிக்கென்று நாடு முழுக்க உள்ள எண், எங்களுக்கு எட்டாவது முயற்சியில்தான் கிடைத்தது. அவர்கள் கேட்டது வங்கி, கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண் என்ன என்று. இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அங்கே தடுமாறுகிற நேரம் மிச்சம். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, 6.52-க்கு, யுபிஐ வழியாக இன்னொரு 9,900 போனது! கார்டை முடக்கினார்களே தவிர கணக்கை முடக்கவில்லை. நான் கார்டு என்றுதான் சொன்னேன், அவர்கள் கார்டை மட்டும்தான் செய்தார்கள். நீங்கள் கூப்பிட்டால் "கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாம் சேர்த்து, கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆக மொத்தம் 84,399 ரூபாய்.

அன்றைக்கு லீவு போட்டு தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, பிரதி எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். அங்கே எழுத்தர் முதலில் கேட்டது, "போனை ரீசெட் பண்ணிட்டீங்களா?" நல்லவேளை பண்ணவில்லை. செய்தி, அனுப்பிய நம்பர், கோப்பின் பெயர், வங்கிப் பட்டியல் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகே போனை ரீசெட் செய்ய வேண்டும், பயத்தில் முதல் வேலையாக ரீசெட் செய்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேராம். புகாரை வாங்கிக்கொண்டதற்குக் காவல் நிலையம் தருகிற சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள், வங்கியில் எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வங்கிக் கிளையில் பதில் ஒரே வரி: "சார், பின் நம்பரை நீங்களே போட்டிருக்கீங்க." உண்மைதானே, என்ன சொல்ல. ஆனால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது, தேடிப் படித்தேன். நம் தப்பு இல்லாமல் வெளியாள் யாரோ எடுத்து, நாம் மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை. நம் கவனக்குறைவால் போனது என்றால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். இந்தக் கடைசி வரிதான் என்னைக் காப்பாற்றியது. 6.35-க்குச் சொன்னேன், 6.52-க்குப் போனது. பதினேழு நிமிடம். பால் அட்டையைப் பிரதி எடுத்து மனுவோடு வைத்தேன், மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபக்கத்தில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் கணக்கு. மூன்று வாரத்தில் 9,900 திரும்பி வந்தது. (வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.) 24,500 போய்ச் சேர்ந்த கணக்கு 1930 புகாரால் முடக்கப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது, ஆனால் அதை எடுக்க அப்போது நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. மனு, வாய்தா, எதிர்ப்பக்க வங்கிக்குக் கடிதம் என்று நான்கு மாதம், ஆறு நாள் லீவு. 49,999-ஐ ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ ஒரு ஏடிஎம்மில் எடுத்துவிட்டான், அது போனது போனதுதான். அந்த ராத்திரியே பணப்பட்டியலை ஒருமுறை பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் சில சமயம் தோன்றும்.

எங்கிருந்து என் விவரம் போனது என்று இன்று வரை தெரியாது. அந்தப் பையன் எடுத்த படமா, எஸ்டிமேட் தளமா, வாட்ஸ்அப் குழுவா, டேஷ்போர்டு அட்டையா. பையன் மேல் பழி போட ஆசைதான், ஆனால் நியாயமாக யோசித்தால் குழுவில் நான் போட்டதுதான் என்று நினைக்கிறேன். அதை அழித்துவிட்டேன். டேஷ்போர்டு அட்டையில் இப்போது ஃபிளாட் எண் மட்டும். தளங்களில் கொடுக்க ஒரு இரண்டாவது சிம் வாங்கி பழைய பட்டன் போனில் போட்டிருக்கிறேன், அதில் வங்கியும் கிடையாது வாட்ஸ்அப்பும் கிடையாது, அது மேஜை இழுப்பறையில் நாள் முழுக்க அடித்துக்கொண்டு கிடக்கிறது. 1909-இல் தொல்லை அழைப்பு வேண்டாம் என்றும் பதிந்தேன், அழைப்புகள் பாதியாகக் குறைந்தன, பாதிதான். சேமிப்புக் கணக்கில் செலவுக்கு வேண்டியது மட்டும், மீதி கார்டும் யுபிஐயும் இல்லாத இன்னொரு கணக்கில்.

நிஜ சலான் எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுவும் வந்தது. தீபாவளி முடிந்து ஒரு நாள் குறுஞ்செய்தி, 500 ரூபாய். இரண்டு நாள் நான் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள், செய்தியில் இருந்த இணைப்பை விட்டுவிட்டு, கணினியில் பரிவாகன் இ-சலான் தளத்தின் முகவரியை ஜிஓவி டாட் இன் வரைக்கும் எழுத்து எழுத்தாக அடித்து, வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஏபிகே எதுவும் கேட்கவில்லை, படத்தோடு அங்கேயே இருந்தது. சாந்தி காலனி சிக்னல், அதே சனிக்கிழமை, நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்ற குற்றம். படத்தில் சிவப்பு விளக்கு, வரிக்கோடு மேல் என் வண்டி, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அந்த வெள்ளை எஸ்யூவி. ஆட்சேபிக்க வழி இருக்கிறது, அந்தத் தளத்திலேயே புகார் பகுதி உண்டு. படத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகவரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டு, "இன்னொரு நாள் லீவு போடப் போறீங்களா?" என்றாள். 500 ரூபாயைக் கட்டிவிட்டு ரசீதைப் பிரதி எடுத்து பால் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.